தழைக்கூட்டத்து மருமகள்

2004 தை மாதம் கடலூர் திருப்பாப்புலியூரில் மலர்க்கொடிக்குக் கல்யாணம். அவள் அப்பா சுப்புராயன் திட்டக்குடியிலிருந்து ஒரு லாரி நிறைய சீர் கொண்டுவந்தார். பீரோ, கட்டில், பித்தளை அண்டா, கடைசியில் ஒரு கறவைப் பசுவும் கன்றும். பசுவின் கொம்பில் மஞ்சள், கழுத்தில் சாமந்தி மாலை. லாரியின் பின்கதவு திறந்ததும் மண்டப வாசலில் நின்ற மாப்பிள்ளை வீட்டார் நாலடி பின்னால் போனார்கள்.

"ரெண்டு வேளைக்கும் எட்டு லிட்டர் கறக்கும் சம்பந்தி" என்றார் சுப்புராயன் பெருமையாக.

மாப்பிள்ளையின் அம்மா சின்னம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை ஸ்ரீதரின் குடும்பம் உயிர்நேய சபையைச் சேர்ந்தது. எண்பது வருஷத்துக்கு முன் ஒரு நெல் வியாபாரி, தாய்ப்பால் கிடைக்காமல் செத்துப்போன கன்றுக்குட்டி ஒன்றைப் பார்த்து மனம் உடைந்து ஆரம்பித்தது அந்தச் சபை. கறி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், வெண்ணெய், நெய், தேன் எதுவும் கிடையாது. பட்டும் கட்டமாட்டார்கள். மொத்தம் நாற்பத்தோரு குடும்பம். பெண் கொடுப்பது எடுப்பது எல்லாம் அதற்குள்ளேயே. "நீங்க சைவமா?" என்று யாராவது கேட்டுவிட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். "சைவக்காரங்க பால் குடிப்பாங்க" என்பார்கள், சாராயம் குடிப்பார்கள் என்று சொல்கிற அதே குரலில். ஊர் அவர்களைத் தழைக்கூட்டம் என்று கூப்பிட்டது.

நாற்பத்தோரு குடும்பம் மூன்று தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ஸ்ரீதருக்கு முப்பத்தோரு வயதானபோது, சபையில் மிச்சமிருந்த பெண்கள் எல்லாரும் ஏதோ ஒரு வழியில் அவனுக்குத் தங்கை முறையாகிப் போனார்கள். வேறு வழியில்லாமல் வெளியே பெண் எடுத்தார்கள். மலர்க்கொடி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறி. தாலி ஏறுவதற்கு முன் எல்லாவற்றையும் விட்டுவிடுவதாக அவள் சபை முன்னால் சத்தியம் செய்ய வேண்டும் என்று பேச்சு. அவளும் செய்தாள். மாடு விஷயத்தை மட்டும் யாரும் சுப்புராயனிடம் சொல்ல நினைக்கவில்லை.

சபைத் தலைவர் சபாபதி அழைக்கப்பட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நெடிய ஆள். பசுவை இரண்டு சுற்று சுற்றி வந்து தீர்ப்புச் சொன்னார். "சீரா ஏத்துக்க முடியாது. விருந்தாளியா இருந்துட்டுப் போகட்டும்."

விருந்தாளி இரண்டு நாள் இருந்தது. பந்தல் கால் வாழைமரத்தில் ஒன்றைத் தின்றது. மூன்றாம் நாள் சுப்புராயன் அதை மறுபடி லாரியில் ஏற்றினார். "பொண்ண வுட்டுட்டு மாட்ட ஓட்டிக்கிட்டுப் போறேன். எங்க ஊர்ல என்னைப் பத்தி என்னா பேசுவாங்கன்னு தெரியல" என்றார் மகளிடம். மலர்க்கொடி சிரித்துவிட்டு அப்புறம் அழுதாள்.

பாலும் பழமும் கொடுக்கும் சடங்கில் பாலுக்குப் பதில் முந்திரிப் பால் கொடுத்தார்கள். சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருந்தது. இதைவிட நன்றாகச் செய்யலாமே என்றுதான் அவள் முதலில் நினைத்தாளாம். புருஷனைப் பற்றி நினைத்தது அதற்கப்புறம்.

செய்யவும் செய்தாள். முந்திரியை வெந்நீரில் ஊறவைத்து, தோல் துணுக்கு இல்லாமல் அரைத்து, இரண்டு முறை வடிகட்டினாள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் பாலில் பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு உறைய வைத்துத் தயிர் எடுத்தாள். அந்தத் தயிரில் கடைந்த மோரைக் குடித்த மாமியார் சின்னம்மாள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இதுல ஒண்ணும் கலக்கலியே?" என்று சந்தேகமாகக் கேட்டார். அந்த வீட்டில் அதுதான் பாராட்டு. ஆறே மாதத்தில் சபையின் ஞாயிற்றுக்கிழமைப் பொதுச் சமையல் மலர்க்கொடி கைக்கு வந்துவிட்டது. அதுவரை பாதிப்பேர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து பெயருக்கு உட்கார்ந்த பந்தி இப்போது இரண்டு பந்தியானது.

அந்த வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் மீனவக் குடும்பங்கள் தங்கியிருந்தன. சபையிலிருந்து தினமும் சாம்பார் சாதம் போனது. மலர்க்கொடி மூன்று வாரம் அண்டாவைவிட்டு நகரவில்லை. சபாபதியும் தினமும் வந்தார், பேசுவதற்கு. சாப்பாடு போடுவதற்கு முன் பத்து நிமிஷம் உயிர்க்கொலை பற்றிய உரை. "மீனும் ஒரு தாய் வயித்துப் புள்ளதான்" என்று அவர் ஒருநாள் சொன்னபோது, வரிசையில் தட்டோடு நின்ற ஆரோக்கியம்மாள் என்கிற கிழவி கேட்டாள்: "என் மவனை இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்கய்யா. மீனு தின்னுடுச்சோ என்னமோ. நீங்க அதுங்ககிட்டயும் போயி ஒரு வார்த்தை சொல்லுங்க."

மலர்க்கொடி அந்தத் தட்டில் சாதத்தைப் போட்டாள். அன்றைக்கு உரை அதோடு நின்றது.

கடலில் பிணங்கள் மிதந்த அந்த வாரங்களில் கடலூரில் யாருமே மீன் வாங்கவில்லை. சபையின் அந்த வருஷ அறிக்கையில் செயலாளர் சிங்காரம் இப்படி எழுதி வாசித்தார்: "நமது இடையறாத பிரசாரத்தின் பயனாக மீன் அங்காடிகள் வெறிச்சோடின." கைதட்டல் கிடைத்தது. மலர்க்கொடி கைதட்டவில்லை. சின்னம்மாள் அவள் முழங்கையை இடித்தார்.

அதற்கப்புறம் சபைக்கு ஒரு வேகம் பிறந்தது. சபாபதி ஒருநாள் நெல்லிக்குப்பம் வழியாகப் பேருந்தில் போனபோது, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் மாட்டுவண்டிகளைப் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார்: சர்க்கரையில் மாட்டின் மூச்சு இருக்கிறது. வெல்லமும் கரும்புதான்; அதுவும் போச்சு. இனிமேல் பனைவெல்லம். பனைமரத்தில் மாடு ஏறுவதில்லை, மனிதன்தான் ஏறுகிறான். மனிதன் விழுந்து சாவதைப் பற்றிச் சபையில் விதி ஒன்றும் இல்லை.

அடுத்து அரிசி. ஏர் மாடு உழுத வயலின் அரிசி ஆகாது, டிராக்டர் உழுத வயலின் அரிசிதான் வேண்டும் என்றார்கள். சிங்காரத்துக்கு அரிசி மண்டி. மறுவாரமே 'டிராக்டர் அரிசி' என்று எழுதிய மூட்டைகள் அங்கே வந்து இறங்கின, விலை கொஞ்சம் ஜாஸ்தி. எந்த மாடும் மிதிக்காத அரிசி என்பதற்குச் சிங்காரத்தின் வாய்ச்சொல்தான் சாட்சி.

மலர்க்கொடி இது எதையும் எதிர்க்கவில்லை. கொடுத்த பொருளை வைத்து ருசியாகச் சமைக்க முடியுமா என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கேள்வி. அதுதான் அவளை மாட்டிவிட்டது.

2006 மாசியில் பண்ருட்டியிலிருந்து ஒரு மூட்டை பலாப்பிஞ்சு வந்தது. அதை அவள் துண்டு போட்டு, மஞ்சள் போட்டு வேகவைத்து, சோம்பு, கசகசா, தேங்காய், வறுத்த மிளகாய் அரைத்து ஊற்றி, சின்ன வெங்காயம் வதக்கிக் குழம்பு வைத்தாள். பிஞ்சு நார் நாராகப் பிரிந்து எண்ணெயில் மினுங்கியது. முதல் பந்தியில் பேச்சே இல்லை. உறிஞ்சுகிற சத்தம் மட்டும். மூன்றாவது முறை குழம்பு வாங்கிய சபாபதி திடீரென்று கையை உதறி எழுந்தார்.

"அச்சு அசல் ஆட்டுக்கறி" என்றார்.

 பலாக்காம்பு, பலாத்தோல் எல்லாம் குப்பையிலிருந்து எடுத்துவந்து காட்டப்பட்டன. அவர் சமாதானம் ஆகவில்லை. பொருள் பலாவாக இருக்கலாம், ருசி கொலை ருசி. நாக்குக்கு அதைக் காட்டினால் மனசு கசாப்புக் கடைக்குப் போகும். மறுவாரம் சபை கூடியது. மலர்க்கொடியை நடுவில் நிறுத்தினார்கள். ஸ்ரீதர் சுவர் ஓரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பொறந்த எடத்து ருசிய இங்க கொண்டாந்துட்ட. சத்தியம் செஞ்சியா இல்லியா?" என்றார் சிங்காரம்.

"செஞ்சேன். கறிய நான் தொடல."

"அய்யா சொல்றாரு, கறி மாதிரியே இருந்துச்சுன்னு."

மலர்க்கொடி சபாபதியைப் பார்த்தாள். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டதாக இன்றைக்கும் சொல்கிறாள். "நான் வெளியில பொறந்தவ, எனக்குக் கறி ருசி தெரியும். அய்யா சபையிலயே பொறந்தவரு. அய்யாவுக்கு எப்புடித் தெரிஞ்சுது?"

பெண்கள் பக்கத்தில் யாரோ இருமினார்கள். சபாபதி தோள் துண்டைச் சரிசெய்தார். மேலே மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில், "பக்கத்து வீட்டு வாசனைய வெச்சு ஊகிச்சேன்" என்றார்.

தீர்மானம் நிறைவேறியது. 'மாமிசச் சுவையை ஒத்த தாவரப் பண்டங்கள்' தடை செய்யப்பட்டன. மலர்க்கொடி பொதுச் சமையலறைக்குள் ஒரு வருஷம் நுழையக் கூடாது. வீட்டுக்கு வரும் வழியில் ஸ்ரீதரிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மூணு தடவ வாங்கித் தின்னாரே, மொதத் தடவயே தெரியலியா?"

 அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பந்திக்கு அவனும் போகவில்லை. கெட்டிக்காரன் இல்லை, வாய் இல்லாதவன். அவனால் முடிந்த எதிர்ப்பு அதுதான்.

அடுத்த வருஷம் ஸ்ரீதருக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. தன் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடையிலிருந்து ஒருநாள் ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்தான். மற்றது எங்கே கழன்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. சபாபதி வந்து பார்த்துவிட்டு முருங்கைக்கீரைச் சாறு கொடுக்கச் சொன்னார். இரண்டு மாதம் கொடுத்தார்கள். ஸ்ரீதர் மாடிப்படியில் விழுந்தான். உள்ளூரில் டாக்டரிடம் போனால் சபைக்குத் தெரிந்துவிடும் என்று, மலர்க்கொடி அவனைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனாள்.

கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வயதான டாக்டர். கால்விரலைச் சுண்டிப் பார்த்தார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்.

"பாலு, தயிரு எத்தினி நாளா சேக்கறதில்ல?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்துங்க" என்றான் ஸ்ரீதர்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ரத்தத்தில் ஒரு வைட்டமின் அறவே இருக்காது, நரம்பு காய்கிறது, ஊசி போட்டால் சரியாகும், போடாவிட்டால் நடக்க முடியாது என்றார். அது எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று ஸ்ரீதர் கேட்டான். மாட்டிலிருந்தும் இல்லை, ஆட்டிலிருந்தும் இல்லை, ஒருவகைக் கிருமியை வளர்த்து எடுப்பது என்றார் டாக்டர்.

"கிருமிக்கு உயிர் இருக்குதுங்களா?"

"இருக்குது."

ஸ்ரீதர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். மலர்க்கொடி எழுந்து அந்தக் கையைப் பிடித்து மறுபடி மேலே சுருட்டினாள். "அந்தப் பாவம் எனக்கு வரட்டும். நீங்க போடுங்க சார்."

ஊசி முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒருமுறை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பேருந்தில் அலைவது ஸ்ரீதருக்கு முடியவில்லை. கடையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு சிதம்பரத்தில் வீடு பிடித்தார்கள். டாக்டரின் இடத்துக்கு நேர் எதிரே ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. 2008 ஆவணியில் மலர்க்கொடி அங்கே மெஸ் திறந்தாள். பால் இல்லை, நெய் இல்லை. அதைப் பலகையில் எழுதவும் இல்லை. எழுதினால் வியாதிக்காரர் சாப்பாடு என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது அவள் கணக்கு. பலாப்பிஞ்சு பிரியாணிக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஸ்ரீதர் கல்லாவில் உட்கார்ந்தான். ஒருநாள் மேஜைக்கு அடியில் எறும்பு கடித்து "ஆ" என்று கத்தினான். மலர்க்கொடி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மெஸ் திறந்து நாலாவது மாதம், கடைக்கு எதிரே ஆட்டோவிலிருந்து மாமியார் சின்னம்மாள் இறங்கினார். மகனைப் பார்க்க வந்திருக்கிறார் என்று பார்த்தால், மகன் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குள் போனார். அரைமணி கழித்து இடது கையைத் தேய்த்துக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்தார்.

"கும்பாபிஷேக வேலை நடக்குதாமே, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

"வாங்க அத்தை, சாப்புடுங்க" என்றாள் மலர்க்கொடி.

அதற்கப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். டாக்டர் புண்ணியத்தில் ஸ்ரீதர் எழுந்து நடக்கிற சேதி திருப்பாப்புலியூரில் பரவியிருந்தது. ஆனால் தங்கள் கைகால் மரத்துப்போவதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை. சிங்காரம் நடராஜரைக் கும்பிட வந்ததாகச் சொன்னார், மாதம் தவறாமல் கும்பிட்டார். சபையில் இருந்த நகைக்கடைக்காரர் ஒருவரின் குடும்பம் பிச்சாவரத்தில் படகு விட வந்தது. ஒருவர் வருகிற நேரத்தில் இன்னொருவர் வந்துவிட்டால், பின்னால் வந்தவர் தெருமுனையில் நின்று சோடா குடிப்பார். மலர்க்கொடி கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். எல்லாருக்கும் சோறு போட்டாள், எதையும் கேட்கவில்லை. தடை செய்யப்பட்ட பலாக் குழம்பை எல்லாரும் இரண்டு முறை வாங்கினார்கள்.

சபாபதி கடைசியாக வந்தார். சித்திரை வெயிலில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு வந்தார். நடை தள்ளாடியது. அவரை மட்டும் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து மோர் கொடுத்தாள்.

"ஒரு ஆராய்ச்சி விஷயமா வந்தேன்" என்றார் அவர்.

"ஆகட்டுங்கய்யா. குல்லாய எடுத்துடுங்க, வேர்க்குது."

அத்தோடு விட்டிருப்பாள். ஆனால் 2010 தையில் சபை ஆண்டுவிழாவுக்கு அழைப்பு வந்தது. மாமியார் கட்டாயப்படுத்தவே இருவரும் போனார்கள். மேடையில் சபாபதி முன்னைவிடத் திடமாக நின்றார். ஊசி நன்றாக வேலை செய்திருந்தது.

"எழுபத்தி நாலு வயசு. இந்த உடம்புல ஊசி பட்டதில்ல" என்றார். "கொள்கையில உறுதி இல்லாதவங்களுக்குத்தான் வியாதி வருது. சபைய வுட்டு வெளிய போயி, கண்ட கிருமிய உடம்புல ஏத்திக்கிட்டவங்க இங்கயே இருக்காங்க. பேர் சொல்ல விரும்பல."

நாற்பத்தோரு குடும்பமும் ஸ்ரீதரைத் திரும்பிப் பார்த்தது. அவன் நாற்காலிக்கடியில் காலை இழுத்துக்கொண்டான். அந்தக் காலை இழுத்துக்கொண்டதைப் பார்த்ததும்தான் தனக்குக் கோபம் வந்ததென்று மலர்க்கொடி சொன்னாள். எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை, மெஸ்ஸில் 'ரசம் தீந்துபோச்சு' என்று சொல்வாளே, அந்தக் குரல்தான்.

"அய்யா, ஒரு தகவல். நாளைக்கு டாக்டர் இல்லியாம். மக வீட்டுக்குப் போறாராம். ஊசி போட வர்றவங்கள அடுத்த திங்கக்கெழமைக்கு வரச் சொன்னாரு."

 ஒவ்வொருவரும் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துத் தரையைப் பார்த்தார்கள். சிங்காரம் அறிக்கைத் தாளைப் புரட்டினார். சபாபதி மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "காலையிலயா, சாயங்காலமா?"

கேட்டது சின்னம்மாள். கேட்டபிறகுதான் தான் கேட்டது அவருக்கே தெரிந்தது.

முதலில் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அப்புறம் ஒருத்தர், "எனக்கும் நாளைக்குத்தான் முறை" என்றார். "நீயுமா?" என்றார் பக்கத்தில் இருந்த தம்பி. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டின் இரண்டு பாதியில் இருப்பவர்கள், எட்டு மாதமாகத் தனித்தனிப் பேருந்தில் சிதம்பரம் போய்வந்தவர்கள். விழா அதோடு முடிந்தது. யாரும் முடித்துவைக்கவில்லை.

சபாபதி மூன்று வாரம் வெளியே வரவில்லை. பிறகு வந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: 'மருந்து உணவன்று.' ஏகமனதாக நிறைவேறியது. அந்த உண்மையை அவர் தவம் இருந்து கண்டுபிடித்ததாக அந்த வருஷ அறிக்கையில் சிங்காரம் எழுதினார். மலர்க்கொடியின் பெயர் எங்கும் இல்லை. பலாத் தீர்மானத்தையும் யாரும் ரத்து செய்யவில்லை. ஆனால் சபைக் கல்யாணங்களுக்கெல்லாம் சமையல் அவளுடையது. பில் ஸ்ரீதர் பெயரில் போடவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். அவள் தன் பெயரில்தான் போட்டாள். வாங்கிக்கொண்டார்கள்.

2011 கடைசியில் தானே புயல் அடித்தது. ஒரு ராத்திரியில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. சபை, விழுந்த மரங்களின் ஆன்மா சாந்தியடைய அகல் விளக்கு ஏற்றியது. அறுத்து அப்புறப்படுத்த ஆள் தேடி அலைந்த தோப்புக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தார்கள். மலர்க்கொடிக்குப் பலா கொடுத்துவந்த தங்கராசுவும் அதில் ஒருவர். இருபது வருஷ மரங்கள் போயிருந்தன. மெஸ்ஸை மூன்று நாள் மூடிவிட்டு, அண்டாக்களை வேனில் ஏற்றிக்கொண்டு அவர் ஊருக்குப் போய்ப் பொங்கிப் போட்டாள் மலர்க்கொடி. ஸ்ரீதர் பரிமாறினான். யாரும் உரை நிகழ்த்தவில்லை.

பலா இல்லாமல் மெஸ் நடத்த வேண்டுமே. சேனைக்கிழங்கு, சோயா எல்லாம் போட்டுப் பார்த்தாள். கடைசியில் காளானுக்கு வந்தாள். மிளகு தட்டிப்போட்ட காளான் வறுவல் 2012 ஆடிக்குள் சிதம்பரத்தில் பேசப்படுகிற பொருளாகிவிட்டது.

விஷயம் சபைக்குப் போயிற்று. காளானுக்கு இலை இல்லை, பூ இல்லை, பச்சை இல்லை; அது தாவரம்தானா என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. சபாபதி, சிங்காரம், நகைக்கடைக்காரர் மூவரும் அடங்கிய விசாரணைக் குழு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மெஸ்ஸுக்கு வந்தது. கூட்ட நேரம். மலர்க்கொடி அவர்களை ஓரமாக ஒரு பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"விசாரணைன்னா ரெண்டரைக்கு மேலதான் முடியும். சாப்பாடுன்னா இப்பவே எல போடறேன்" என்றாள்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விசாரிக்க வேண்டுமானால் பொருளைத் தெரிந்திருக்க வேண்டும் என்றார் சிங்காரம். இலை போடப்பட்டது. மூன்று பேருமாக ஏழு தட்டு வறுவல் விசாரித்தார்கள். சபாபதி வேட்டியில் மிளகுத்தூள் சிந்தியிருந்தது.

"எப்புடிங்கய்யா இருக்குது?" என்று கேட்டாள் மலர்க்கொடி. "எதாவது மாதிரி இருக்குதா?"

"காளான் மாதிரிதான் இருக்குது" என்றார் அவர் அவசரமாக.

குழுவின் அறிக்கை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டது. பொருளின் தன்மை பற்றி ஒரு முடிவுக்கு வர இயலவில்லை; மேலும் சில அமர்வுகள் தேவைப்படும் என்று அதில் இருந்தது. குழு இப்போதும் மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை கூடுகிறது. உறுப்பினர் எண்ணிக்கை ஒன்பதாகியிருக்கிறது.